நீரின் தோலில் தொங்கும் உயிர்



ஐப்பசி பிறந்து அடைமழை பிடித்துக்கொண்டால் நம் வீடுகளில் இரண்டு குறைகள் தவறாமல் கேட்கும். “துணி காயவே மாட்டேன் என்கிறது” என்பது ஒன்று. “கொசு தூங்க விடவில்லை” என்பது மற்றொன்று. முதல் குறைக்கு வானத்தை நோகிறோம். இரண்டாவது குறைக்கு நகராட்சியை நோகிறோம்.

தமிழ்நாடு ஓர் ஆண்டில் பெறும் மழையில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள வடகிழக்குப் பருவமழைக் காலத்தில்தான் பெய்கிறது. கடலோர மாவட்டங்களில் இந்தப் பங்கு இன்னும் அதிகம். ஆகவே இந்த மூன்று மாதங்களை எப்படிக் கழிப்பது என்பது நமக்கு வாழ்க்கைக் கல்வியே ஆகும். மேலே சொன்ன இரண்டு குறைகளுக்கும் விடை உங்கள் இயற்பியல் பாடத்திலேயே இருக்கிறது. நீர் ஆவியாதல் ஒரு பாடம். பரப்பு இழுவிசை மற்றொரு பாடம். இரண்டையும் தேர்வுக்காகப் படித்துவிட்டு மறந்துவிடுகிறோம். நானும் அப்படி மறந்தவன்தான். அதற்கு நான் கொடுத்த விலையைப் பின்னால் சொல்கிறேன்.

காற்றில் எவ்வளவு இடம் இருக்கிறது?

மழைக்காலத்தில் துணி ஏன் காய்வதில்லை? “காற்றில் ஈரம் அதிகம்” என்று உடனே சொல்லிவிடுவீர்கள். விடை சரியே. ஆனால் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்தால் வியப்பான செய்தி ஒன்று தெரியவரும்.

ஒரு கன மீட்டர் காற்று, 25 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் சுமார் 23 கிராம் நீராவியைத்தான் தாங்கும். அதற்கு மேல் சேர்ந்தால் நீராவி நீராக மாறிப் படியத் தொடங்கும். 35 டிகிரியில் இந்த எல்லை சுமார் 40 கிராமாக உயர்கிறது. காற்றில் இப்போது இருக்கும் நீராவி, இந்த எல்லையில் எத்தனை விழுக்காடு என்பதையே ஒப்பு ஈரப்பதம் என்கிறோம்.

நான்கு மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரம் உள்ள ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். அதன் கன அளவு 36 கன மீட்டர். சித்திரை மாதத்தில் ஒரு நாள், வெப்பநிலை 35 டிகிரி, ஒப்பு ஈரப்பதம் 50 விழுக்காடு என்று கொள்வோம். அறைக் காற்றின் எல்லை 1440 கிராம். இருப்பது 720 கிராம். இன்னும் 720 கிராம் நீருக்கு இடம் இருக்கிறது.

கார்த்திகை மாதத்து மழைநாள் ஒன்றில் வெப்பநிலை 25 டிகிரி, ஒப்பு ஈரப்பதம் 95 விழுக்காடு என்று கொள்வோம். எல்லை 828 கிராம். இருப்பது 787 கிராம். மீதி இடம் 41 கிராம் மட்டுமே!

கவனித்தீர்களா? மழைநாளின் காற்றில் உள்ள நீராவி, கோடைநாளின் காற்றில் உள்ளதைவிடச் சிறிதளவே அதிகம். ஆனால் இன்னும் ஏற்றுக்கொள்ளும் இடம்தான் 720 கிராமிலிருந்து 41 கிராமாகச் சுருங்கிவிட்டது. பிழிந்த பிறகும் ஒரு வேட்டியில் முந்நூறு கிராம் நீர் இருந்தால், கதவையும் சன்னலையும் அடைத்துவிட்டுக் கொடியில் போடுவதில் என்ன பயன்? ஏழில் ஒரு பங்கு நீர் ஆவியாவதற்குள் அறைக் காற்று நிறைவுற்றுவிடும். மீதி நீர் துணியிலேயே தங்கிப் பூஞ்சைக்கு இடம் கொடுக்கும்.

எனவே மழைக்காலத்தில் துணி உலர்த்த மூன்று வழிகள் உண்டு. முதலாவது, நன்றாகப் பிழிந்து நீரைக் குறைப்பது. இரண்டாவது, ஒன்றின் மேல் ஒன்றாகப் போடாமல் இடைவெளி விட்டு விரிப்பது. மூன்றாவது, மழை விட்ட நேரத்தில், குறிப்பாக நண்பகலில், சன்னலைத் திறந்து மின்விசிறியை ஓட விட்டு, நிறைவுற்ற காற்றை வெளியேற்றிப் புதிய காற்றை உள்ளே வரவிடுவது.

உடலும் ஒரு ஈரத்துணியே

நம் உடல் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நொடிக்குச் சுமார் 100 ஜூல் வெப்பத்தை வெளிவிட வேண்டியிருக்கிறது. தோலின் மேல் ஒரு கிராம் வியர்வை ஆவியாக, சுமார் 2400 ஜூல் வெப்பம் தேவை. இதுவே ஆவியாதலின் உள்ளுறை வெப்பம். வியர்வை இந்த வெப்பத்தை நம் உடலிலிருந்து எடுத்துக்கொண்டு போவதால் நாம் குளிர்ச்சி அடைகிறோம். காற்றில் இடம் இல்லாவிட்டால் வியர்வை ஆவியாகாமல் வழிந்து ஓடும். வழிந்தோடும் வியர்வையால் குளிர்ச்சி கிடைக்காது. மழைக்கு முன் உண்டாகும் புழுக்கத்தின் காரணம் இதுதான்.

இதனை அளந்தே பார்க்கலாம். பள்ளி ஆய்வுக்கூடத்தில் இரண்டு வெப்பமானிகளை அருகருகே தொங்கவிடுங்கள். ஒன்றின் குமிழை ஈரமான மெல்லிய துணியால் சுற்றி, இரண்டுக்கும் விசிறிக் காற்று படச் செய்யுங்கள். உலர்ந்த குமிழ் 30 டிகிரி காட்டும்போது ஈரக் குமிழ் 22 டிகிரியைக் காட்டினால் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 50 விழுக்காடு. ஈரக் குமிழ் 28 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை என்றால் 85 விழுக்காட்டுக்கு மேல் என்று அறியலாம். பருவமழை தொடங்குவதற்கு முன்னும் பின்னும் இந்த அளவை ஒரு மாதம் குறித்து வாருங்கள்; உங்கள் ஊரின் வானிலையை நீங்களே எழுதியவர்கள் ஆவீர்கள்.

கொசுவுக்கு ஈரம் ஏன் பிடிக்கிறது?

இனி இரண்டாவது குறைக்கு வருவோம்.

ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்தின் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். கன அளவு 1 கன சென்டிமீட்டர். பக்கத்தைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தால் பரப்பு நூறில் ஒன்றாகும். கன அளவோ ஆயிரத்தில் ஒன்றாகும். அதாவது பொருள் சிறுக்கச் சிறுக்க, உள்ளே இருக்கும் நீரைவிட அதை இழக்கும் பரப்பு விகிதத்தில் பெருகுகிறது. கொசுவின் எடை இரண்டு மில்லிகிராம் அளவுதான். வறண்ட காற்றில் அது விரைவில் நீரிழந்து மடியும். நமக்குப் புழுக்கமாகத் தோன்றும் ஈரக்காற்றோ அதன் ஆயுளை நீட்டிக்கிறது.

இந்த ஆயுள் நீட்டிப்பில்தான் ஆபத்து இருக்கிறது. டெங்கு நோயாளியைக் கடித்த உடனே கொசு நோயைப் பரப்பிவிடுவதில்லை. வைரஸ் கொசுவின் குடலிலிருந்து உமிழ்நீர்ச் சுரப்பிகளை அடையச் சுமார் 8 முதல் 12 நாட்கள் ஆகின்றன. அதற்குள் கொசு இறந்துவிட்டால் நோயும் அங்கேயே முடிந்துவிடும். வறண்ட காலத்தில் பல கொசுக்கள் இந்த எல்லையைத் தாண்டுவதில்லை. மழைக்காலத்தில் தாண்டுகின்றன. எண்ணிக்கை மட்டுமின்றி, கொசுவின் வயதும் கணக்கில் சேரும் என்பதை நினைவில் வையுங்கள். தமிழ்நாட்டில் 2012, 2017 ஆகிய ஆண்டுகளில் டெங்குக் காய்ச்சல் ஆயிரக்கணக்கானோரை வாட்டியதைப் பெரியவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

“மழைத்துளி பட்டுக் கொசு சாகாதா?” என்று ஒரு மாணவர் என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. பெரிய மழைத்துளி ஒன்று கொசுவைப்போல ஐம்பது மடங்கு எடை உள்ளது. அமெரிக்காவில் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஹூவும் அவருடைய குழுவினரும் இதை அதிவேகக் காமிரா கொண்டு ஆராய்ந்து, 2012ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். கொசு பிழைத்துக்கொள்கிறது! காரணம் அதன் எடைக் குறைவே. 100 மில்லிகிராம் துளி 2 மில்லிகிராம் கொசுவைத் தள்ளிக்கொண்டு போனால், உந்த அழிவின்மை விதிப்படி துளியின் வேகம் ஐம்பத்தொன்றில் ஒரு பங்குதான் குறையும். வேகம் அவ்வளவு குறைவாக மாறும்போது மோதல் விசையும் குறைவாகவே இருக்கும். சுவரில் எறிந்த பந்து நின்றுவிடுகிறது; காற்றில் மிதக்கும் பஞ்சின் மீது எறிந்த பந்து பஞ்சையும் கூட்டிக்கொண்டு போகிறது. கொசு அந்தப் பஞ்சைப் போன்றது. துளியோடு சற்று தூரம் விழுந்து, பிறகு விலகிப் பறந்துவிடும். தரைக்கு மிக அருகில் அடிபட்டால் மட்டுமே அதற்கு ஆபத்து. ஆகவே மழை கொசுவைக் கொன்றுவிடும் என்று காத்திருப்பதில் பயனில்லை.

நீரின் தோல்

பறக்கும் கொசுவைத் துரத்துவது கடினம். ஆனால் அதன் வாழ்வில் ஒரு பருவம் நம் கைக்கு எட்டும் இடத்தில் நடக்கிறது. அதுதான் நீரில் வாழும் புழுப் பருவம்.

ஒரு கிண்ணத்தில் நீர் நிரப்பி, தையல் ஊசி ஒன்றை மெல்லிய தாளின் மீது வைத்து மிதக்க விடுங்கள். தாளை மெதுவாக அழுத்தி மூழ்கச் செய்தால் ஊசி மட்டும் நீரின் மேல் நிற்கும். எஃகு நீரைவிட ஏறத்தாழ எட்டு மடங்கு அடர்த்தி உள்ளது. அப்படியிருந்தும் ஏன் மூழ்கவில்லை? நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஈர்ப்பதால் மேற்பரப்பு, இழுத்துக் கட்டிய தோல்போல் நடந்துகொள்கிறது. இதுவே பரப்பு இழுவிசை. 30 டிகிரியில் இதன் மதிப்பு மீட்டருக்குச் சுமார் 0.071 நியூட்டன்.

கொசுப்புழு நீருக்குள் வாழ்ந்தாலும் மீனைப்போல் நீரில் கரைந்த காற்றை நம்பி வாழ்வதில்லை. மேலே வந்து காற்றைச் சுவாசிக்கிறது. டெங்கு பரப்பும் ஏடிஸ், யானைக்கால் நோய் பரப்பும் கியூலெக்ஸ் ஆகியவற்றின் புழுக்களுக்கு வால் முனையில் ஒரு சுவாசக் குழல் உண்டு. அதன் நுனியில் உள்ள சிற்றிதழ்கள் தாமரை இலையைப்போல நீரில் நனையாதவை. அவை மேற்பரப்பில் விரிந்ததும், நீரின் தோல் புழுவைப் பிடித்துக்கொள்கிறது. புழு தலைகீழாகத் தொங்கியபடி சுவாசிக்கிறது. மலேரியா பரப்பும் அனாபிலிஸ் புழுவுக்கு இந்த நீண்ட குழல் இல்லை. ஆகவே அது மேற்பரப்புக்கு இணையாகப் படுத்துக் கிடக்கும்.

இந்தப் பிடி எவ்வளவு வலுவானது? இதழ்களின் விளிம்பு அரை மில்லிமீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். விசை = 0.071 × 0.0005 = 0.0000355 நியூட்டன். இது 3.6 மில்லிகிராம் எடைக்குச் சமம். புழுவின் எடையில் பெரும்பகுதியை நீரே தாங்கிவிடுவதால், எஞ்சிய மிகச் சிறு எடையைத் தாங்க இது தாராளமாகப் போதும்.

இப்போது ஊசி மிதக்கும் கிண்ணத்தில் ஒரு சொட்டு சோப்புக் கரைசல் விடுங்கள். ஊசி மூழ்கிவிடும், பரப்பு இழுவிசை குறைந்துவிட்டது. கொசுப்புழு உள்ள நீரில் எண்ணெய்ப் படலம் பரவினாலும் இதுவே நேர்கிறது. குழலின் நுனி மேற்பரப்பைப் பற்ற முடிவதில்லை. எண்ணெய் குழலுக்குள் புகுந்து மூச்சை அடைக்கிறது. 1904ஆம் ஆண்டில் பனாமா கால்வாய்ப் பணியை அமெரிக்கா மேற்கொண்டபோது, மருத்துவர் வில்லியம் கோர்காஸ் தேங்கிய நீரை வடித்தும், வடிக்க முடியாத நீரில் எண்ணெய் தெளித்தும், வீட்டு நீர்த்தொட்டிகளை மூடச் செய்தும் மஞ்சள் காய்ச்சலை அங்கிருந்து விரட்டினார். அந்தக் காய்ச்சலைப் பரப்பியதும் ஏடிஸ் கொசுவே. இன்று நமக்கு டெங்குவைத் தருவதும் அதே கொசுதான்.

என் வீட்டில் நடந்தது

சென்ற ஆண்டு ஐப்பசியில் என் மகளுக்குக் காய்ச்சல் கண்டது. அவள் ஒன்பதாம் வகுப்பு மாணவி. மூன்றாம் நாள் இரத்தப் பரிசோதனையில் டெங்கு என்று தெரிந்தது. ஆறு நாட்கள் மருத்துவமனையில் இருந்து நலமாகத் திரும்பினாள். அந்த ஆறு இரவுகளை நான் மறக்க மாட்டேன்.

அவள் வீடு திரும்பிய மறுநாள், கொசுப்புழு ஒழிப்புப் பணிக்காக ஓர் அம்மையார் கையில் டார்ச் விளக்கோடு வந்தார். தெருச் சாக்கடையைக் காட்டி நான் குறை சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சார், அந்த ஃபிரிட்ஜைக் கொஞ்சம் முன்னால இழுங்க” என்றார். பின்புறத்தில், வடியும் நீரைப் பிடிக்கும் தட்டு ஒன்று இருந்தது. அதில் இரண்டு விரல் உயரம் நீர். விளக்கு வெளிச்சம் பட்டதும் இருபது முப்பது புழுக்கள் துள்ளிக் கீழே இறங்கின. சற்று நேரத்தில் ஒவ்வொன்றாக மேலே வந்து தலைகீழாகத் தொங்கின.

அந்த வாரம்தான் கல்லூரியில் பரப்பு இழுவிசைப் பாடம் நடத்தி முடித்திருந்தேன். கரும்பலகையில் படமும் வரைந்திருந்தேன். என் வீட்டுத் தட்டில் அந்தப் பாடம் உயிரோடு தொங்கிக்கொண்டிருந்ததை நான் பார்த்ததே இல்லை. அவர் தட்டைக் காய்ந்த தரையில் கவிழ்த்துவிட்டு, “இது நல்ல தண்ணிக் கொசு சார். சாக்கடைக்குப் போகாது” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். என் மகளைக் கடித்த கொசு அந்தத் தட்டில்தான் பிறந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. பிறந்திருக்க முடியாது என்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

ஏழு நாள் கணக்கு

அவர் சொன்னது முற்றிலும் உண்மை. சாக்கடை போன்ற அழுக்கு நீரில் பெருகுவது கியூலெக்ஸ், இரவில் கடிக்கும். ஏடிஸ் தேடுவது தெளிந்த நீர்: மூடாத குடம், தண்ணீர்த் தொட்டி, பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை, மாடியில் கிடக்கும் உடைந்த வாளி. அது பெரும்பாலும் பகலில், காலையிலும் மாலை மங்கும் முன்பும் கடிக்கும். நகரங்களில் மலேரியா பரப்பும் அனாபிலிஸ் வகை கிணற்றிலும் மேல்நிலைத் தொட்டியிலும் வளரும்.

நம் ஊர் வெப்பத்தில் ஏடிஸ் முட்டை கொசுவாக மாற ஏழு முதல் பத்து நாட்கள் ஆகும். ஆகவே வாரம் ஒருமுறை, ஏழு நாளுக்கு மிகாமல், எல்லாக் கலங்களையும் காலி செய்துவிட்டால் ஒரு புழுவும் சிறகு முளைத்துப் பறக்க முடியாது. ஆனால் கவிழ்த்தால் மட்டும் போதாது. நாரோ பிரஷோ கொண்டு உட்சுவரைத் தேய்க்கவும் வேண்டும். ஏடிஸ் தன் முட்டைகளை நீரின் மேல் இடாமல், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில் ஒட்டிவைக்கிறது. அவை காய்ந்தபடியே பல மாதங்கள் உயிரோடு இருந்து, அடுத்த மழையில் நீர்மட்டம் உயர்ந்ததும் பொரிக்கும். கோடையில் வெறுமையாகக் கிடந்த தொட்டியில், மழை பெய்த ஒரே வாரத்தில் கொசு கிளம்புவதன் மர்மம் இதுவே.

காலி செய்ய முடியாத தொட்டியைத் துணியால் இறுகக் கட்டி மூடுங்கள். அசையாத கழிவுநீரில் எண்ணெய் விடலாம். குடிநீரிலும், மீன் வாழும் குளத்திலும் எண்ணெயோ சோப்போ விடவே கூடாது.

எது உதவும், எது உதவாது?

மின்விசிறி உதவும். கொசு பறக்கும் வேகம் மணிக்கு இரண்டு கிலோமீட்டர் அளவே. விசிறிக் காற்று அதைவிட விரைவானது. நம் மூச்சுக் காற்றையும் உடல் மணத்தையும் கலைத்து, கொசு வழி அறியாதபடியும் செய்கிறது. கொசுவலை உதவும், அதன் கண்கள் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேற்படாமல் இருக்க வேண்டும். ஏடிஸ் பகலில் கடிப்பதால், பகலில் உறங்கும் குழந்தைக்கும் காய்ச்சலில் படுத்திருப்பவருக்கும் வலை வேண்டும். கைகால்களை மூடும் உடையும் நல்ல காப்பு.

அடைத்த அறையில் கொசுவர்த்திச் சுருள் கொளுத்தினால் கொசுவோடு நம் நுரையீரலும் புகையை ஏற்கும். “காதுக்குக் கேட்காத ஒலியால் கொசுவை விரட்டும்” என்று விற்கப்படும் கருவிகளும் கைப்பேசிச் செயலிகளும் ஆய்வுகளில் பயன் தரவில்லை. அவற்றை நம்பிச் சன்னலைத் திறந்துவைத்து ஏமாறாதீர்கள்.

காய்ச்சல் கண்டால் மருத்துவரிடம் செல்லுங்கள். டெங்குவாக இருக்கலாம் என்ற ஐயம் உள்ளவரை ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் போன்ற மாத்திரைகளைத் தாமாக உட்கொள்ளக் கூடாது. அவை இரத்தக் கசிவை மிகுவிக்கும். நீர் ஆகாரம் நிறையத் தேவை. காய்ச்சல் இறங்கிய முதல் இரண்டு நாட்களே மிகக் கவனிக்க வேண்டியவை. கடும் வயிற்று வலி, தொடர்ந்த வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், மிகுந்த சோர்வு ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

ஞாயிறு தோறும் அரை மணி

இப்போது என் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலை அரை மணி நேரம் இதற்கென்றே ஒதுக்கியிருக்கிறோம். என் மகள் டார்ச் விளக்கோடு முன்னே போவாள். நான் நாரோடு பின்னே போவேன். முதல் வாரம் ஏழு இடங்களில் நீர் தேங்கியிருந்தது, நான்கில் புழு. ஐந்தாம் வாரம் புழு ஏதுமில்லை. ஒரு குறிப்பேட்டில் தேதி, இடம், புழு உண்டா இல்லையா என்று எழுதி வருகிறோம். நீங்களும் நண்பர்கள் நால்வர் சேர்ந்து உங்கள் தெருவில் இதைச் செய்யலாம். பள்ளியின் மொட்டைமாடியை மறந்துவிடாதீர்கள். பத்து வாரக் குறிப்பேடு ஒரு நல்ல அறிவியல் ஆய்வாகும். அதனால் யாரோ ஒருவர் காய்ச்சலிலிருந்து தப்பக்கூடும். அவர் யார் என்று உங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

சிந்தித்து விடை காணுங்கள்

1. மழைநாளில் 25 டிகிரியில் உள்ள அறைக் காற்றை, நீராவியைச் சேர்க்காமல் 35 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஒப்பு ஈரப்பதம் என்ன ஆகும்? மேலே தந்த எண்களே போதும்.

2. கனமழைக்குப் பிறகு ஓடும் ஆற்றில் கொசுப்புழு காணப்படுவதில்லை. ஏன்?

3. கூட்டுப்புழுவின் தோலைப் பிளந்து வெளிவரும் கொசு, நீரின் மேல் சற்று நேரம் நின்று சிறகை உலர்த்துகிறது. நீரில் சோப்பு கலந்திருந்தால் அதற்கு என்ன நேரும்?